காளான் பார்க்கும் பஞ்சாலை

பஞ்சாலை என்ற பெண்ணின் அடுப்பு புகைந்தால்தான் மேட்டு லயத்து வீட்டு வரிசையின் மற்ற பதினோரு அடுப்புகளும் புகையும். ஜப்பான்காரன் காலத்தில் அந்த ரப்பர் தோட்டத்தில் இருந்த சட்டம் அது. யாரும் எழுதி ஒட்டவில்லை. வேலை வாங்கும் மண்டோர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று கத்திச் சொல்லவுமில்லை. ஆனால் ஜப்பான்காரன் போட்ட எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக மதிக்கப்பட்டது.

சிரம்பானிலிருந்து ராசா என்ற ஊரைத் தாண்டி ஏழு மைல் உள்ளே போனால் புக்கிட் தெம்பூயா தோட்டம். வெள்ளைக்காரன் இருந்தவரை பால் கொடுத்த மரங்கள் இப்போது சும்மா நின்றன. ரப்பரை வாங்க ஆள் இல்லை. காட்டை வெட்டி மரவள்ளி நடு என்று ஜப்பான்காரன் சொன்னான்; நட்டதில் பாதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அரிசி மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, தோட்டத்துக் கணக்கரான கிராணி அளந்து போடப் படி தேவையில்லை, கை போதும் என்றாயிற்று. அப்படிப்பட்ட வயிறுகளுக்கு மழை பெய்த மறுநாள் கிடைத்த ஒரே கறி காளான்.

பறித்த காளானைப் பெண்கள் பஞ்சாலையின் வாசலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் பார்ப்பாள். வேண்டாம் என்றால் குப்பைக் குழிக்குப் போகும். சரி என்றால் முதல் சட்டி அவள் அடுப்பில் ஏறும், முதல் கவளம் அவள் மகள் நீலாவதியின் வாய்க்குப் போகும். அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் நெருப்பு மூட்டுவார்கள். வாய் வார்த்தை எப்படியும் போகட்டும், பெற்றவள் தன் பிள்ளைக்கு எதை ஊட்டுகிறாள் என்பதை நம்பலாம் என்று லயம் முடிவு கட்டியிருந்தது. நாற்பத்து மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கீழ் லயத்தில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் காளான் குழம்பு சாப்பிட்டுச் செத்ததிலிருந்து வந்த முடிவு அது.

பஞ்சாலைக்கு இந்த வித்தை தெரிய வந்த கதை வேறு. பதினாறு வயதில் அவளை வேர் கேங்கில் போட்டார்கள். ரப்பர் மரம் வெளியே பச்சைப் பசேலென்று நிற்கும், மண்ணுக்குள் வேரைப் பூஞ்சை தின்றுகொண்டிருக்கும். ஒரு காற்றில் மரம் சாய்ந்த பிறகுதான் துரைக்கே தெரியும். அதனால் ஆறு பெண்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு மரத்தடியிலும் மண்ணைச் சுரண்டி வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு நோய். கழுவியதும் சிவப்புத் தோல் தெரிந்தால் இன்னொன்று. மண்ணும் பொடிக் கல்லும் சிரங்கு மாதிரி அப்பிக்கிடந்தால் அது மூன்றாவது. மற்ற ஐந்து பேரும் மண்டோர் திட்டுவாரே என்று பார்த்தார்கள். பஞ்சாலை ஆசையாகப் பார்த்தாள். நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து மண் சுரண்டும் வேலையில் ஆசைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. சிலருக்கு அப்படி ஒரு கோளாறு.

மாதம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வரும் பூஞ்சைத் துரைக்கும் அதே கோளாறு இருந்தது. மற்ற துரைமார் தங்கள் நாய்க்குக் காட்டிய மரியாதையை அந்த மனிதர் காளானுக்குக் காட்டினார். ஈர மண்ணில் வயிறு படக் கிடந்து, கண்ணாடி வைத்துப் பார்ப்பார். வேர் நோயைத் தேடி வந்தவர், கட்டையில் முளைத்தது, சாணத்தில் முளைத்தது எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். பஞ்சாலை ஒவ்வொன்றாக இலையில் கட்டி வைத்திருந்து கொடுப்பாள். அவர் தன் ஓட்டைத் தமிழில் சொல்வார்: "மேலே பார்க்காதே. மேலே எல்லாம் ஒண்ணு மாதிரி. திருப்பு."

திருப்புவதற்கும் முன்னால் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணிலா, செத்த கட்டையிலா, கறையான் புற்றிலா என்பது பாதி பேரைச் சொல்லிவிடும். திருப்பினால் குடையின் அடியில் மடிப்பு இருக்கும், அல்லது ஊசி குத்தியது போல் துளை இருக்கும். மடிப்பு காம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கீறினால் நிறம் மாறுகிறதா, பால் கசிகிறதா. காம்பில் மோதிரம் போட்டது போல வளையம் உண்டா. காம்பின் அடியில் பை இருக்கிறதா, வேர் இருக்கிறதா. இத்தனையும் பார்த்தாலும் துரை பேர் எழுத மாட்டார். தூளைப் பார்க்க வேண்டும் என்பார்.

மடிப்புகளிலிருந்து கொட்டும் விதைத் தூள் சும்மா பார்த்தால் தெரியாது. குடையை மட்டும் அறுத்து, மடிப்பு கீழே இருக்கும்படி தாளில் வைத்து, காற்றுப் படாமல் மூடிவிட்டு நாலைந்து மணி நேரம் காத்திருந்தால், தூள் தாளில் படிந்து தன் நிறத்தைக் காட்டும். துரை கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினார். பஞ்சாலை, மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினாள். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது என்று தாளின் பாதியில் சட்டிக் கரியைப் பூசிக்கொண்டாள். துரை அதைப் பார்த்துச் சிரித்து, கோலாலம்பூரில் இதற்கென்றே கறுப்புத் தாள் வைத்திருக்கிறோம் என்றார். தானாகக் கண்டுபிடித்தது துரைமார் செய்வதோடு ஒத்துப்போனதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் அவர் இரண்டு வெள்ளைக் குடைகளை அவள் முன் வைத்தார். ஒன்று கறையான் புற்றில் முளைத்தது, இன்னொன்று பங்களாவின் புல்தரையில் முளைத்தது. காம்பு இரண்டிலும் இல்லை, அவரே அறுத்துவிட்டிருந்தார். இரண்டிலும் உச்சியில் பழுப்பு, இரண்டிலும் வெள்ளை மடிப்பு. இரண்டும் ஒரே சாதிதான் என்று பஞ்சாலை அடித்துச் சொன்னாள். சாயங்காலம் மங்கைத் தூக்கியபோது புற்றுக் காளானின் தூள் லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. பங்களாக் காளானின் தூள் பாசி நிறத்தில் பச்சையாக இருந்தது.

"இது சாப்பாடு," என்று முதலாவதைக் காட்டினார் துரை. "இது வயித்தைக் கிழிக்கும். சின்னப் புள்ளைங்க செத்துப் போகும்."

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். பெட்டி பெட்டியாகத் தாள்களையும் காய்ந்த காளான்களையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. இருபத்தைந்து வருடமாக அவர்களுக்கு உழைத்த லயத்துச் சனங்களை ஏற்ற அந்த லாரியில் இடம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பஞ்சாலைக்கு எரியவில்லை. அவருக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்டார் என்றாள்.

நாற்பத்து மூன்றில் அவள் புருஷன் முனியாண்டியைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம், நல்ல சம்பளம், திரும்பி வரும்போது துணிமணி என்றார்கள். லாரியில் ஏறும்போது முனியாண்டி சொன்னது ஒரே வார்த்தை: "புள்ளைய மட்டும் பாத்துக்க." ஒன்றரை வருடமாயிற்று. மேட்டு லயத்திலிருந்து போன ஒன்பது ஆண்களில் ஒருவனும் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. அவன் வரும்வரை நீலாவதியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பஞ்சாலைக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

நீலாவதிக்கு ஆறு வயது. நாற்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மழை பிடித்தபோது அவள் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, வெகுநேரம் அப்படியே நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர் அமிர்தலிங்கம் பார்த்துவிட்டு, "மருந்து இல்லம்மா. இருந்தாலும் இதுக்கு மருந்து சாப்பாடுதான்," என்றார். நல்ல மனுஷன், அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. இரண்டு நாளாக வீட்டில் மரவள்ளிக் கிழங்குகூட இல்லை, இலையை அவித்த தண்ணீர்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். லயத்தின் கோடியில் நாகம்மா கோயில் இருந்தது. கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே மஞ்சள் பூசிய கறையான் புற்று. புற்றில் முளைக்கும் காளான் நாகம்மா கொடுப்பது. அதை யாரும் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் புற்று உடையும், ஆத்தாள் வீட்டை இடித்ததாகும். குடையை மட்டும் கிள்ளிக்கொண்டு, காம்பை ஆத்தாளின் பங்காக அங்கேயே விட்டுவிடுவார்கள். கங்காணிகள் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வேரையும் வளையத்தையும் பார்க்காமல் காளானைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று பஞ்சாலைக்குத் தெரியும். ஆனாலும் ஆத்தாளின் காம்பில் கை வைக்க அவளுக்கும் துணிச்சல் இல்லை. தூள் இருக்கிறதே, தூள் போதும் என்று இருந்துவிட்டாள்.

அன்று காலை பெரட்டுக்கு முன்பே செல்லம்மா ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். அதே லயத்தில் நாலைந்து வீடு தள்ளி இருப்பவள். மூன்று பிள்ளைகள் அவளுக்கு, புருஷன் அதே சயாம் லாரியில் போனவன்.

"நாகம்மா குடுத்துட்டாக்கா," என்றாள் செல்லம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "புத்தச் சுத்திப் பூத்துக் கெடக்கு. வீட்டுக்கு வீடு பங்கு வச்சிட்டோம். இது ஒன்னோட பங்கு. நாங்க மரவள்ளி நட்டுட்டு வர நாலு மணியாவும். பாத்து வையி."

வெள்ளைக் குடைகள். பாதிக்கு மேல் இன்னும் சரியாக விரியாதவை. உச்சியில் பழுப்பு, அடியில் வெள்ளை மடிப்பு, மடிப்பு காம்பைக் கிள்ளிய இடத்தைத் தொடாமல் தள்ளி நின்றது. பஞ்சாலை மோந்து பார்த்தாள், கீறிப் பார்த்தாள். எல்லாம் புற்றுக் காளான் போலத்தான் இருந்தது. கிராணி தூக்கிப் போட்ட ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் தாளின் பாதியில் கரி பூசி, இரண்டு குடைகளை வைத்து மங்கால் மூடினாள். பிள்ளைக்கு முடியவில்லை என்று மண்டோரிடம் சொல்லி அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாள்.

நீலாவதி கூடையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். அவள் ஒரு குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது நல்லதா?"

"தெரியலடி. தூள் விழட்டும்."

"எப்ப விழும்?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் வரைக்கும் பசிக்குமே," என்றாள் நீலாவதி.

பதினோரு மணிக்குப் பஞ்சாலை மங்கைத் தூக்கிப் பார்த்தாள். கரிப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை, வெள்ளைப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. இளங்குடை, தூள் கொட்ட நேரமாகும். ஒன்றும் விழாதது நல்லது என்பதற்கு அடையாளம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். மறுபடி மூடினாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் தூக்கினாள், ஒன்றும் இல்லை. அதற்குள் நீலாவதி சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். கன்னத்தில் தட்டியபோது எரிச்சல்கூடப் படவில்லை. சாப்பிடாமல் செத்த பிள்ளைகளை அந்த வருடம் பஞ்சாலை நாலு பார்த்துவிட்டாள். கடைசியில் எல்லாம் இப்படித்தான் சொன்ன பேச்சைக் கேட்டு அமைதியாகப் படுத்தன.

அவள் பயந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. பேராசை என்றோ அலட்சியம் என்றோ யாராவது சொன்னால் அவர்கள் வாயைக் கழுவ வேண்டும். பயந்துபோய், புற்றில் முளைத்தது புற்றுக் காளானாகத்தானே இருக்கும், ஆத்தாள் கெடுதலைக் கொடுப்பாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுப்பில் ரப்பர் கொட்டை ஓட்டைப் போட்டு நெருப்பு மூட்டினாள். கொட்டை ஓடு கரும்புகையாகக் கக்கும். லயத்தின் நினைவே அவளுக்கு அப்போது இல்லை.

உப்புக்கூட அரைச் சிட்டிகைதான் இருந்தது. வெந்ததும் முதலில் தானே நாலு வாய் சாப்பிட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. பிறகு நீலாவதியைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு ஊட்டினாள். முதல் இரண்டு வாய் உதட்டிலிருந்து வழிந்தது. மூன்றாவதை விழுங்கினாள். அப்புறம் கண்ணைத் திறந்து, கையை நீட்டி, தானே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். சட்டி காலியானதும், "நல்லாருக்கும்மா," என்றாள். ஒன்றரை வருடத்தில் பஞ்சாலை அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மூன்று மணிக்கு அவள் வயிற்றை யாரோ பிடித்துத் திருகியது போல் இருந்தது. கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பியபோது நீலாவதி உட்கார்ந்தபடியே கக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சாலை மகளிடம் போகவில்லை. நேரே மூலைக்குப் போய் மங்கைத் தூக்கினாள், குடையை எடுத்தாள். வெள்ளைப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக, வட்டமாக, பச்சைத் தூள் படிந்திருந்தது.

அதை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. வேலை முடியும் நாலு மணித் தொங்கு மணி அடித்தது. மரவள்ளிக் காட்டிலிருந்து பெண்கள் திரும்பினார்கள். தண்ணீர்க் குழாயடியில் யாரோ, "பஞ்சால வீட்டுல மத்தியானமே பொகஞ்சிருச்சு," என்று சொன்னது காதில் விழுந்தது. சற்று நேரத்தில் வரிசையாக விறகு முறியும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு லயம் நினைவுக்கு வந்தது.

"அம்மா, வயிறு," என்றாள் நீலாவதி.

டிரெஸ்ஸர் வீடு கிழக்கே அரை மைல். லயத்தின் அடுப்புகள் மேற்கே. வாந்தியும் பேதியுமாகப் போகும் பிள்ளைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரை உப்புப் போட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் உடம்பு வறண்டுவிடும் என்று போன வருடம் பேதி பரவியபோது அமிர்தலிங்கம் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது பஞ்சாலைக்குத் தெரியும். பிள்ளை மறுபடி, "அம்மா," என்று கையை நீட்டியது. பஞ்சாலை வெளியே ஓடினாள். மேற்கே ஓடினாள்.

முதல் வீட்டில் சட்டியை எட்டி உதைத்தாள். இரண்டாவது வீட்டில் கையாலேயே தள்ளினாள், உள்ளங்கை வெந்தது. "பச்ச விழுந்துருச்சு, பச்ச விழுந்துருச்சு," என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. நடுவில் வயிறு திருக, வாசலிலேயே குனிந்து வாந்தி எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு வீட்டில் பசி பொறுக்காத கிழவர் சட்டியை விடமாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரோடு மல்லுக்கட்டிச் சட்டியை உடைத்தாள். செல்லம்மா வீட்டில் மூன்று பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், அகப்பை முதல் தட்டுக்கு மேலே இருந்தது. செல்லம்மா பஞ்சாலையின் முகத்தைப் பார்த்ததும் தானே சட்டியைக் கவிழ்த்துவிட்டு, டிரெஸ்ஸரைக் கூட்டிவரக் கிழக்கே ஓடினாள்.

பதினோரு வீடு முடிந்து பஞ்சாலை திரும்பியபோது நீலாவதி வாசல் வரை ஊர்ந்து வந்து கிடந்தாள். அமிர்தலிங்கம் வந்தார். அடுப்புக் கரியைக் கரைத்துக் கொடுத்தார், உப்புத் தண்ணீர் கொடுத்தார். எதுவும் உள்ளே நிற்கவில்லை. நல்ல உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும் என்றார். "கக்க ஆரம்பிச்சதுமே தண்ணி குடுத்தியாம்மா?" என்று கேட்டார். பஞ்சாலை குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. விடியும்போது பிள்ளை போய்விட்டது.

மேட்டு லயத்தில் வேறு ஒருவரும் சாகவில்லை. ருசி பார்த்த இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கோடு போயிற்று. குழி வெட்ட ஆண்கள் போதாமல் பெண்களே வெட்டினார்கள். மண் தள்ளி முடிந்ததும் செல்லம்மா பஞ்சாலையின் காலில் விழுந்தாள்.

"ஒன் புள்ளைய வுட்டுட்டு எம் புள்ளைங்கள காப்பாத்த ஓடி வந்தியேக்கா. இந்த மனசு யாருக்கு வரும்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பேச்சு கீழ் லயத்துக்குப் போயிற்று, பக்கத்துத் தோட்டத்துக்கும் போயிற்று. பஞ்சாலை மறுக்கவில்லை. அவள் மேற்கே ஓடியதன் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தன் கையால் ஊட்டிய பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நிற்க அவளால் முடியவில்லை. எங்கேயாவது ஓட வேண்டியிருந்தது, ஓடினாள். ஓடிய பக்கம் பதினோரு சட்டிகள் இருந்தன. இதை யாரிடம் சொல்வது?

மூன்றாம் நாள் நாகம்மா கோயிலுக்குப் போனாள், கும்பிட அல்ல. ஆத்தாள் பங்காக விட்ட காம்புகள் புற்றைச் சுற்றி அப்படியே நின்றன. குனிந்து பார்த்தாள். ஒன்றுகூடப் புற்றில் இல்லை. எல்லாம் புற்றின் காலடியில் வளர்ந்திருந்த புல்லில் நின்றன. புல் செதுக்க ஆள் இல்லாமல் போனதில் பங்களாப் புல்தரை இவ்வளவு தூரம் படர்ந்து வந்திருந்தது. ஒவ்வொரு காம்பிலும் மோதிரம் மாதிரி ஒரு வளையம். விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்ந்தது. புற்றுக் காளானுக்கு வளையம் கிடையாது. அவள் வீட்டிலிருந்து கோயில் நூறு அடி. கூடை வந்த காலையில் அந்த நூறு அடியை நடந்து வந்து ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். அவள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்தத் தீபாவளியை லயத்தில் யாரும் கொண்டாடவில்லை. ஆனால் துக்கம் காக்க வயிறு ஒப்புக்கொள்வதில்லை. பத்தாம் நாள் மழை கொட்டியது. மறுநாள் காலையில் செல்லம்மாவும் இன்னும் நாலு பெண்களும் பஞ்சாலையின் வாசலில் வந்து நின்றார்கள். கூடையைக் கீழே வைக்கவும் தயங்கினார்கள், திரும்பிப் போகவும் மனமில்லை. செல்லம்மாவின் கடைசிப் பிள்ளை அவள் இடுப்பில் தலை தொங்கிக் கிடந்தது.

"கேக்கக் கூடாதுதாங்கா," என்றாள் செல்லம்மா. "வேற யாருகிட்ட போறது, சொல்லு."

பஞ்சாலைக்கு அவர்கள் எல்லோரையும் அடித்து விரட்ட வேண்டும் போல் இருந்தது. தன் அடுப்பை எட்டிப் பார்க்கும் அந்தக் கண்களை அவள் வெறுத்தாள். அந்த இடுப்புப் பிள்ளை உயிரோடு இருப்பதைக்கூட ஒரு நிமிஷம் வெறுத்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

குடைகளோடு காம்பும் இருந்தது. காம்போடு வேரும் இருந்தது. முழங்கை நீளத்துக்கு, கீழே போகப் போக மெலிந்து, நுனியில் கறையான் கூட்டின் மண் ஒட்டிய வேர். பெண்களின் நகக்கண்ணெல்லாம் புற்று மண். அவர்கள் நாகம்மா புற்றைத் தோண்டியிருந்தார்கள்.

"ஆத்தா கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்," என்றாள் செல்லம்மா. "அன்னைக்கே தோண்டியிருக்கணும்."

பஞ்சாலை ஒன்றைக் கையில் எடுத்தாள். வளையம் இல்லை. வேர் இருக்கிறது. இதற்குக் கரி பூசிய தாள் வேண்டாம், சாயங்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம். மண்ணிலிருந்து எடுத்த அந்த நிமிஷமே பிள்ளைக்கு ஆக்கிப் போடலாம்.

"நல்லது," என்றாள். "போயி ஆக்குங்க."

யாரும் நகரவில்லை. அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. பழகிப்போன கால்கள், புகைக்காக நின்றன. பஞ்சாலைக்குப் புரிந்தது. ஒரு பிடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பத்து நாளாக எரியாத அடுப்பை மூட்டினாள். புகை கூரைக்கு மேல் எழுந்ததும் வாசலில் காலடிச் சத்தம் கலைந்தது.

வெந்ததும் தட்டில் கொட்டி உட்கார்ந்தாள். ஒரு வாய் போதும், சும்மா பேருக்கு என்றுதான் நினைத்திருந்தாள். நல்ல காளான், கோழிக்கறி மாதிரி இருந்தது. அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். சண்டை வந்த நாளிலிருந்து மகளுக்கு என்று பாதியை எடுத்து வைக்காமல் அவள் ஆக்கிச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்த வயிற்றோடு அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் எழுந்து நின்றாள்.